ரெண்டுங்கெட்டான்களுக்கு ஓர் இடம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு விளையாட்டு என்றால் கிரிக்கெட்தான். அமெரிக்கன் ஃபுட்பால் என்பது ஹெல்மெட் போட்ட தடியன்கள் ஐந்து விநாடி முட்டிக்கொண்டு ஐந்து நிமிஷம் சும்மா நிற்கிற ஒரு சமாச்சாரம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிட்ஸ்பர்க்குக்கு எம்.எஸ். படிக்க வந்த பிறகுதான் புத்தி வந்தது. இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஸ்டீலர்ஸ் மேட்ச் இருந்தால் கடைத்தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. பாட்டிமார்கள்கூட மஞ்சள் துண்டைச் சுற்றுகிறார்கள். (நம்மூர் அரசியல் நினைவு வந்தால் நான் பொறுப்பில்லை. இது 1975ல் ஒரு ரேடியோ வர்ணனையாளர் ஆரம்பித்து வைத்த பழக்கம்.)

நாங்கள் நாலு பேர் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர் இருக்கிறார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், வயது எழுபதுக்கு மேல். எங்களுக்குள் பேசும்போது அவரை 'தாத்தா' என்றுதான் சொல்வோம். வாடகை கொடுக்கப் போனால் உட்காரவைத்து ஃபுட்பால் பேசாமல் விடமாட்டார். எனக்கு இந்த விளையாட்டின் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தது அவர்தான்.

போன அக்டோபரில் ஒரு நாள் வாடகையோடு போனபோது என் முகம் சரியில்லை. காரணம் சாதாரணமானதுதான். இன்டர்ன்ஷிப். நான் இங்கே படிப்பது ரோபாட்டிக்ஸ் பக்கம், ஊரில் படித்தது மெக்கானிக்கல். சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் ரெஸ்யூமேயைப் பார்த்துவிட்டு "நீ மெக்கானிக்கல் ஆள் ஆச்சே" என்றார்கள். மெஷின் செய்கிற கம்பெனிக்காரர்கள் "நீ புரோகிராம் எழுதுகிற ஆள் ஆச்சே" என்றார்கள். அந்த வாரம் மட்டும் ஆறு இடத்தில் 'வருந்துகிறோம்'. வாராவாரம் அப்பா போன் பண்ணி, "என்னடா, ஏதாவது வந்துச்சா?" என்று கேட்பார். "இன்னும் இல்லப்பா" என்பேன். அவர் கடனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். அவர் கேட்காததுதான் கஷ்டமாக இருக்கும்.

தாத்தாவிடம் இதைச் சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. சாப்பாட்டு மேஜையில் இருந்த உப்பு, மிளகு டப்பாக்களை இழுத்து வைத்துக்கொண்டு பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். அன்று அவர் சொன்னதையும், பிறகு நானாகப் படித்தும் பார்த்தும் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

விளையாட்டு தெரியாதவர்களுக்காக மிகச் சுருக்கமாக: பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நாலு முயற்சி. அதற்குள் பத்து கெஜம் முன்னேறினால் மறுபடி நாலு முயற்சி. பந்தை வாங்கி வீசுகிறவர் குவார்ட்டர்பேக். அவருக்கு முன்னால் ஐந்து மலைகள் அரணாக நிற்கும். தடுக்கிற அணி அந்த அரணை உடைத்து, பந்தோடு அவரைக் கீழே சாய்த்தால் அதற்குப் பெயர் 'சாக்'. எதிரணிக்கு அது பெரிய அடி.

தடுக்கிற 11 பேரை எப்படி நிற்கவைப்பது என்பதில் இரண்டு பெரிய பள்ளிகள் உண்டு. ஒன்று 4-3. முன்வரிசையில் நாலு பேர் கையைத் தரையில் ஊன்றி நிற்பார்கள், அவர்களுக்குப் பின்னால் மூன்று லைன்பேக்கர்கள். இன்னொன்று 3-4. முன்வரிசையில் மூன்றே பேர், பின்னால் நாலு லைன்பேக்கர்கள். இதற்கு மேல் நுணுக்கம் வேண்டாம். இந்த ஒரு ஆள் இடம் மாறியதால் யார் யாருடைய வாழ்க்கை மாறியது என்பதுதான் கதை.

4-3ல் குவார்ட்டர்பேக்கைத் துரத்துவது முக்கியமாக முன்வரிசையின் இரண்டு ஓரத்திலும் நிற்பவர்களின் வேலை. அவர்கள் வருவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியாத உடம்பு வேண்டும். ஆறேகால் அடிக்கு மேல் உயரம், 120 கிலோவுக்கு மேல் எடை, அதோடு வேகமும் வேண்டும். அந்த மாதிரி ஆட்கள் வருஷத்துக்குச் சில பேர்தான் கிடைப்பார்கள். புது ஆட்களை எடுக்கும் டிராஃப்டில் முதல் சுற்றிலேயே அவர்களை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். போன வருஷம் மோசமாக ஆடிய அணிக்கு முதல் தேர்வு, ஜெயித்த அணிக்குக் கடைசித் தேர்வு என்பது அங்கே விதி. ஆக, தொடர்ந்து நன்றாக ஆடுகிற அணிக்கு அந்த ராட்சசர்கள் மிஞ்சுவதே இல்லை.

இப்போது கல்லூரியில் ஓரத்தில் நின்று குவார்ட்டர்பேக்கை விரட்டி விரட்டிச் சாய்த்த ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் ஆறடி ஓர் அங்குலம், எடை 112 கிலோ. 4-3 அணிக்காரன் அளவுநாடாவோடு வருவான். ஓரத்தில் நிற்கவைக்க எடை போதாது. லைன்பேக்கர் ஆக்கலாம் என்றால், பின்னோக்கி ஓடி பாஸ் தடுத்துப் பழக்கமில்லை. இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. இந்த மாதிரி ஆளுக்கு அமெரிக்காவில் ஒரு பட்டப்பெயர் உண்டு. அதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. ரெண்டுங்கெட்டான்!

தாத்தா இந்த இடத்தில் மிளகு டப்பாவைக் கையில் எடுத்து என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

3-4 இந்த ரெண்டுங்கெட்டானுக்கென்றே செய்த நாற்காலி. ஓர லைன்பேக்கர் நின்றபடியே ஆடுவார். ஒரு தடவை குவார்ட்டர்பேக் மேல் பாய்வார். அடுத்த தடவை பாய்வதுபோல் போக்குக் காட்டிவிட்டுப் பின்னால் போய் பாஸைத் தடுப்பார். மூன்று பேர் முன்வரிசையில், அவர்களோடு நாலாவதாக யார் வரப்போகிறார்கள்? இடமா, வலமா, நடுவிலா? எதிரணிக்குத் தெரியாது. வருவது தெரிந்தால் 120 கிலோ வேண்டும். வருவது தெரியாவிட்டால் 112 கிலோ தாராளமாகப் போதும்.

இந்தக் குழப்பத்தை ஒரு கலையாகவே ஆக்கியவர் டிக் லெபோ. 1980களில் சின்சினாட்டி அணியில் தடுப்பாட்டப் பயிற்சியாளராக இருந்தபோது 'ஸோன் பிளிட்ஸ்' என்ற உத்தியை வளர்த்தெடுத்தார். (இதன் வேர் 1970களின் மயாமி அணியில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) ஓரத்திலிருந்தோ பின்னாலிருந்தோ எதிர்பாராத ஒருவர் பாய்வார். அதே நேரம் பாய வேண்டிய முன்வரிசை ஆள் பின்வாங்கி, பந்து வரும் வழியில் நின்றுகொள்வார். ஐந்து பேர் வருகிறார்கள் என்று பதறிப் பந்தை வீசினால், அங்கே இருக்கவே கூடாத ஆள் கையில் போய் அது விழும். லெபோ 1990களில் ஸ்டீலர்ஸுக்கு வந்தார், போனார். 2004ல் மறுபடி வந்து 2014 வரை தடுப்பாட்டத்தை நடத்தினார்.

லெபோவே கழித்துவிடப்பட்ட ஆள்தான். 1959ல் கிளீவ்லண்ட் அணி அவரை ஐந்தாவது சுற்றில் எடுத்து, சீசன் தொடங்குமுன் வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. டெட்ராய்ட் சேர்த்துக்கொண்டது. அங்கே 14 சீசன் ஆடி எதிரணியின் 62 பாஸ்களைப் பிடுங்கினார். 2010ல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது.

2000களின் தொடக்கத்தில் 3-4 ஆடிய அணிகள் மிகச் சில. அதனால் மற்றவர்கள் கடையில் ஒதுக்கிவிட்டுப் போன சரக்கு ஸ்டீலர்ஸுக்கு மலிவாகக் கிடைத்தது. பட்டியலைப் பாருங்கள். கிரெக் லாய்ட், 1987ல் ஆறாவது சுற்று. கெவின் கிரீன், கல்லூரி அணியில் ஸ்காலர்ஷிப் இல்லாமல் தானாகப் போய்ச் சேர்ந்தவர், 1985ல் வேறு அணி ஐந்தாவது சுற்றில் எடுத்தது. 1993ல் இங்கே வந்து, அடுத்த ஆண்டே லீகில் அதிக சாக் எடுத்தார். ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் மொத்தம் 160. ஜோயி போர்ட்டர், 1999ல் மூன்றாவது சுற்று. கிளார்க் ஹேகன்ஸ், 2000ல் ஐந்தாவது சுற்று. முன்வரிசையில் ஆரன் ஸ்மித் 1999ல் நாலாவது சுற்று, பிரெட் கீசல் 2002ல் ஏழாவது சுற்று. டிராஃப்டில் மொத்தமே ஏழு சுற்றுதான்!

இந்தப் பட்டியலில் கடைசிச் சுற்றிலும் பெயர் வராத ஒருவர் உண்டு. அவர்தான் என் ஹீரோ, ஜேம்ஸ் ஹாரிசன்.

ஒஹாயோவில் கென்ட் ஸ்டேட் கல்லூரி. உயரம் ஆறடி, அவ்வளவுதான். 2002 டிராஃப்டில் 32 அணிகள் ஏழு சுற்றில் 250க்கும் மேற்பட்டவர்களை எடுத்தன. இவரை யாரும் எடுக்கவில்லை. ஸ்டீலர்ஸ் சும்மா கூப்பிட்டுப் பார்த்தது. அனுப்பிவிட்டது. திரும்பக் கூப்பிட்டது. திரும்ப அனுப்பியது. பால்டிமோர் ரேவன்ஸ் எடுத்து, ஜெர்மனியில் ரைன் ஃபயர் என்ற அணிக்கு ஆட அனுப்பியது. வந்ததும் அவர்களும் கைகழுவினார்கள். 2004ல் ஹேகன்ஸுக்குக் கையில் அடிபட்டது, ஆள் குறைந்தது, மறுபடி பிட்ஸ்பர்கிலிருந்து அழைப்பு. அந்த நவம்பரில் கிளீவ்லண்டில் ஒரு மேட்ச். ஆட்டம் ஆரம்பிக்குமுன்பே போர்ட்டர் எதிரணிக்காரரோடு கைகலப்பில் இறங்கி வெளியேற்றப்பட்டார். அவர் இடத்தில் ஹாரிசன் இறங்கினார். அதுதான் முதன்முதலாக ஆரம்பத்திலிருந்து ஆடிய ஆட்டம்.

இந்த இடத்தில் நான் தாத்தாவை மடக்கினேன். "இந்த 3-4தான் ரெண்டுங்கெட்டான்களைக் காப்பாற்றும் என்றீர்களே. அதே 3-4 ஆடுகிற அணிதானே இவரைத் திரும்பத் திரும்ப வெளியே அனுப்பியது?"

அவருக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துவிட்டது. எழுந்து போய் எனக்கும் ஒரு கப் காபி கொண்டுவந்தார். பாலில்லாத கஷாயம். மரியாதைக்காகக் குடித்தேன் :-)

பதில் இதுதான். நாற்காலி தயாராக இருந்தது, உட்காரத் தெரியவில்லை. ஓர லைன்பேக்கர் ஒவ்வொரு முயற்சியிலும் தான் பாய வேண்டுமா, பின்வாங்க வேண்டுமா, பின்வாங்கினால் எந்தச் சதுரத்தைக் காக்க வேண்டும் என்று மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒருத்தர் தப்பினால் கோட்டையே ஓட்டை. ஆரம்ப வருஷங்களில் ஹாரிசன் இந்தப் பாடத்தில் தடுமாறினார் என்று உடன் ஆடியவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். கல்லூரியில் இவருக்கிருந்த பலத்துக்கு மூளை அவ்வளவாகத் தேவைப்படவில்லை. இங்கே தேவைப்பட்டது. திட்டம் அவர் உயரத்தை மன்னித்தது, படிக்காததை மன்னிக்கவில்லை.

வருஷக்கணக்கில் பெஞ்சில் உட்கார்ந்து படித்தார். 2007ல் போர்ட்டரை அணி விட்டுவிட்டது, இடம் இவருக்கு வந்தது. 2008ல் 16 சாக், 7 முறை எதிரணியின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டார். லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது. டிராஃப்டில் எடுக்கப்படாத ஒருவர் அந்த விருதை வாங்கியது அதுவே முதல் முறை. அந்த ஆண்டு லீகிலேயே மிகக் குறைந்த புள்ளிகள் விட்டுக்கொடுத்ததும் ஸ்டீலர்ஸ்தான்.

அப்புறம் 2009 பிப்ரவரி 1, டாம்பா நகரில் சூப்பர் பௌல், எதிரே அரிசோனா. இந்த வீடியோவை மட்டும் முப்பது தடவையாவது பார்த்திருப்பேன். முதல் பாதி முடிய 18 விநாடி. ஸ்டீலர்ஸ் 10-7 முன்னிலை. அரிசோனா கோட்டுக்கு ஒரே கெஜத்தில் நிற்கிறது. லெபோவின் திட்டப்படி ஹாரிசன் பாய வேண்டும். அவர் பாய்வதுபோல் ஓர் அடி வைத்தார். பாயவில்லை. பின்வாங்கினார். பந்து சட்டென்று வீசப்படும், பாய்ந்தாலும் எட்டாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. குவார்ட்டர்பேக் கர்ட் வார்னர் பந்தை வீசினார். அது நேராக ஹாரிசன் கையில்! அங்கிருந்து நூறு கெஜம். 110 கிலோ உடம்பு மைதானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடுகிறது. சக ஆட்டக்காரர்கள் வழியில் வருகிறவர்களையெல்லாம் தள்ளிவிடுகிறார்கள். நேரம் முடிந்துவிட்டது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார். கடைசிக் கோட்டில் தலைகுப்புற விழுந்தார். எழுந்திருக்க முடியாமல் அப்படியே கிடந்தார். ஸ்டீலர்ஸ் 27-23 என்று ஜெயித்த மேட்ச் அது. அந்த ஏழு புள்ளிகள் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் எனக்கு இரண்டு விஷயம் பிடிபட்டது. ஒன்று, அவர் திட்டத்தை மீறியதுபோலத் தெரிகிறது. ஆனால் பாய்வதும் பின்வாங்குவதும் இரண்டும் தெரிந்த ஆளால்தான் அந்த மீறலைச் செய்ய முடியும். நீ எதிலும் முழுசு இல்லை என்று எந்தக் குணத்துக்காக அவரைக் கழித்தார்களோ, அந்தக் குணம்தான் அந்த விநாடியில் வேலை செய்தது. பாடத்தை அரைகுறையாகப் படித்த 2003ஆம் வருஷத்து ஹாரிசன் அதையே செய்திருந்தால் அதற்குப் பெயர் தப்பு. இரண்டு, பந்தை வீசிய வார்னரும் டிராஃப்டில் எடுக்கப்படாதவர். சூப்பர் மார்க்கெட்டில் அலமாரியில் சாமான் அடுக்கிவிட்டு, ஐரோப்பாவில் ஆடிவிட்டு, அப்புறம் சாம்பியன் ஆனவர். உலகின் மிகப் பெரிய மேடையில் பந்தை வீசினவரும் பிடித்தவரும் இருவருமே யாருக்கும் வேண்டாதவர்களாக இருந்தவர்கள். அளவுநாடா அடிக்கடிதான் பொய் சொல்கிறது போலும்.

ஹாரிசனை மட்டும் தூக்கிவைத்துவிட்டு முடித்தால் பாவம். 3-4ல் முன்வரிசை மூன்று பேரின் வேலை என்ன தெரியுமா? முட்டுக் கொடுப்பது. நடுவில் நிற்கும் கேசி ஹாம்ப்டன் ஏறக்குறைய 147 கிலோ. அவர் இரண்டு பேரைத் தன் மேல் இழுத்துக்கொண்டு நகராமல் நிற்பார். பக்கத்தில் ஆரன் ஸ்மித்தும் அப்படியே. சாக் கணக்கில் அவர்கள் பெயர் அதிகம் வராது. அவர்கள் தாங்கிக்கொண்ட இடைவெளியில்தான் ஓரத்து ஆள் பாய்ந்து பெயர் வாங்குகிறார். என் கல்விக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட மாமா ஞாபகம் வந்தது. இந்த வரியை அவர் படிக்கப்போவதில்லை, அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

இன்னொரு உண்மையும் சொல்ல வேண்டும். மலிவுச் சரக்கு ரொம்ப நாள் மலிவாக இருக்காது. ஸ்டீலர்ஸ் ஜெயிக்க ஜெயிக்க, நிறைய அணிகள் 3-4க்கு மாறின. ரெண்டுங்கெட்டானுக்குக் கிராக்கி வந்தது. 2005லேயே டிமார்கஸ் வேர், ஷான் மெரிமன் இருவரையும் இந்த இடத்துக்காகவே வேறு அணிகள் முதல் சுற்றில் 11ஆவது, 12ஆவது ஆட்களாக எடுத்துக்கொண்டன. ஹாரிசன் ஸ்டீலர்ஸுக்காக எடுத்த 80.5 சாக் ஒரு காலத்தில் அணியின் சாதனை. 2023ல் அதை முறியடித்த டி.ஜே. வாட், 2017ல் முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர். யாரும் பார்க்காத இடத்தில் பார்த்ததால்தான் ஹாரிசன் கிடைத்தார். எல்லோரும் பார்க்க ஆரம்பித்ததும் அந்த இடம் இன்னொரு வரிசை ஆகிவிட்டது. இப்போது வேறு எங்கோ, வேறு ஏதோ அளவுக்குப் பொருந்தாத ஒருவன் வெளியே நின்றுகொண்டிருப்பான்.

அன்று இரவு ரூமுக்கு வந்து ரெஸ்யூமேயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாஃப்ட்வேர்காரனுக்கு ஒன்று, மெக்கானிக்கல்காரனுக்கு ஒன்று என்று இரண்டு வைத்திருந்தேன். ஒவ்வொன்றிலும் பாதி என்னை ஒளித்து வைத்திருந்தேன். 4-3 அணி வாசலில் போய் நின்று, எடை கூடக் காட்ட இரண்டு சட்டை போட்டுக்கொண்ட கதை! இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கினேன். மெஷினின் அதிர்வைக் கேட்டு அது எப்போது பழுதாகும் என்று சொல்லும் புரோகிராம் ஒன்றை ஊரில் ஃபைனல் இயர் பிராஜெக்டாகச் செய்திருந்தேன். வெட்கப்பட்டுக் கடைசியில் போட்டிருந்ததை மேலே கொண்டுவந்தேன். அப்புறம் இன்னொரு வேலை. 'கன்ட்ரோல்ஸ்' பாடத்தில் போன செமஸ்டர் மேம்போக்காகப் படித்துத் தப்பித்த நாலு அத்தியாயங்களை மறுபடி எடுத்து உட்கார்ந்தேன். இரண்டும் தெரியும் என்று சொல்கிறவனுக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டுமே.

பெரிய கம்பெனி எதிலிருந்தும் பதில் வரவில்லை. ஜனவரியில் பழைய தொழிற்சாலைகளுக்கு சென்சார் பொருத்தும் ஒரு சின்ன இடத்திலிருந்து போன் வந்தது. மொத்தமே பதினைந்து பேர். பேசினவர் கேட்ட முதல் கேள்வி: "பேரிங்கைக் கழற்றவும் தெரியுமா, கோடு எழுதவும் தெரியுமா?" அந்தக் கேள்வியை யாரும் அதுவரை என்னிடம் கேட்டதில்லை. கோடைக்கு மூன்று மாதம், சுமாரான சம்பளம், எடுத்துக்கொண்டார்கள். நிரந்தர வேலையா ஆகுமா என்று தெரியாது. ஹாரிசனையே எத்தனை முறை அனுப்பினார்கள்!

தாத்தாவிடம் போய்ச் சொன்னேன். மிளகு டப்பாவை எடுத்து மேஜையின் ஓரத்தில் வைத்தார். "பிளேபுக்கைப் படி" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரம் அப்பா போன் பண்ணினபோது அவர் கேட்குமுன் நானே சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சாப்பிட்டியாடா?" என்றார்.